துணைப் பாடம்

கல்லூரிகளிலே இன்று தட்பவெப்ப மாறுதலைத் துணைப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வேறொன்றில், இது பக்கத்திலே ஒன்று. துணைப் பாடந்தானே, தேறினால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அந்தப் பாடத்துக்கு முதன்முதலாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர். அவருக்கும் அது துணைப் பாடந்தான்!

பெயர் ஸ்வாண்டே அர்ஹீனியஸ். ஸ்வீடன் நாட்டிலே, உப்சாலா நகருக்கு அருகே 1859-ல் பிறந்தார். தந்தை நில அளவையாளர். பல்கலைக் கழகத்தின் நிலங்களைக் கவனித்து வந்தவர். பிள்ளையோ மூன்று வயதிலேயே யாரும் சொல்லித் தராமல் எழுத்துக் கூட்டிப் படித்தவன் என்பார்கள். அத்தகைய பிள்ளையைப் பல்கலைக் கழகம் எப்படி வரவேற்றது தெரியுமா?

உப்சாலாவின் ஆசிரியர்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, எட்லண்ட் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். நீரிலே கரைந்த உப்பு, மின்சாரத்தை எப்படிக் கடத்துகிறது என்பது கேள்வி. கரைந்தவுடனேயே உப்பு மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்து விடுகிறது என்ற முடிவுக்கு அந்த ஆராய்ச்சி வழி திறந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் உண்மை. 1884-ல் உப்சாலாவிலே இந்த ஆய்வுரையைக் கொடுத்தார். நான்காம் வகுப்பு! வாதத்திலே மட்டும் மூன்றாம் வகுப்பு. அந்தத் தரத்துடன் பல்கலைக் கழகத்திலே ஆசிரியராக முடியாது. ரசாயனக்காரர்களுக்கு அது பௌதிகமாகத் தெரிந்தது, பௌதிகக்காரர்களுக்கு ரசாயனமாகத் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாகாத பிள்ளை!

அவர் முடங்கிவிடவில்லை. பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகாவிலிருந்து ஆஸ்ட்வால்ட் என்ற ரசாயன அறிஞர், அந்த இளைஞரைக் காண உப்சாலாவுக்கே வந்து சேர்ந்தார். வேலையும் தருவதாகச் சொன்னார். தந்தையின் உடல்நலம் குன்றியிருந்ததால் அர்ஹீனியஸ் உடனே போகவில்லை. ஆனால், வெளியூரார் மதித்ததைக் கண்ட பிறகே உள்ளூரார் கண் திறந்தது. ஆசிரியப் பதவி கிடைத்தது. இது நம் ஊரிலும் நடக்கிற கதைதான்!

பிறகு சில ஆண்டுகள் வெளிநாட்டுச் சோதனைச் சாலைகள். 1891-ல் ஸ்டாக்ஹோம் உயர் கல்லூரியில் வேலை. 1895-ல் பலரின் எதிர்ப்பையும் தாண்டிப் பேராசிரியர் பதவி. 1903-ல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு. ஸ்வீடன் நாட்டவர் பெற்ற முதல் நோபெல் பரிசு அதுதான். அப்போதும் பழைய சண்டை விடவில்லை. பௌதிகப் பரிசில் பாதியும் ரசாயனப் பரிசில் பாதியும் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார்களாம்!

நாம் சொல்ல வந்த துணைப் பாடம் இவற்றுக்கிடையே நடந்தது. பனியூழிகள் ஏன் வந்தன என்று ஸ்டாக்ஹோம் அறிஞர்கள் விவாதித்துக் கொண்டிருந்தார்கள். காற்றிலுள்ள கரியமிலவாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை, அர்ஹீனியஸ் பிறந்த அதே 1859-ல் டிண்டால் என்ற அறிஞர் சோதனை செய்து காட்டத் தொடங்கியிருந்தார். அந்த வாயு குறைந்தால் எத்தனை டிகிரி குளிரும், கூடினால் எத்தனை டிகிரி சுடும்? அதை யாரும் கணக்கிடவில்லை. 1894 கிறிஸ்துமஸுக்கு முன்தினம் அர்ஹீனியஸ் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தார்.

கணிப்பொறி ஏது? பேனாவும் காகிதமுந்தான். நிலவிலிருந்து வரும் வெப்பத்தை லாங்லி என்ற அமெரிக்கர் அளந்து வைத்திருந்தார். நிலவு தாழ்வாக இருக்கும்போது அதன் வெப்பம் அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும். உச்சியில் இருக்கும்போது குறைந்த காற்று. அந்த வேறுபாட்டிலிருந்து, காற்று எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று பிழிந்தெடுத்தார். பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்து, பருவம் பருவமாகக் கணக்கிட்டார். பனி உருகினால் தரை இன்னும் வெப்பத்தை ஏற்குமே, அதையும் சேர்த்தார். ஏறத்தாழ ஓராண்டு இதே வேலை. அந்த ஓராண்டிலே அவருடைய மாணவியாயிருந்து மனைவியான சோபியா பிரிந்து போனார். 1895-ல் மகன் ஓலோப் பிறந்தான், 1896-ல் மணமுறிவு.

அதே 1896 ஏப்ரலில் கட்டுரை வெளிவந்தது. கரியமிலவாயு பாதியானால் 4, 5 டிகிரி குளிரும். இரட்டிப்பானால் 5, 6 டிகிரி சூடேறும். இன்றைய விஞ்ஞானிகள் இரட்டிப்புக்குச் சுமார் 3 டிகிரி என்கிறார்கள். சற்றே மிகையாகப் போய்விட்டாலும், பேனாக் கணக்குக்கு இது சாமான்யமா?

தவறவிட்டதையும் சொல்லியாக வேண்டும். உலகம் எரிக்கும் நிலக்கரி, காற்றிலுள்ள கரியமிலவாயுவில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவை வெளியிடுகிறது என்று ஹோக்போம் என்ற நண்பர் கணக்கிட்டிருந்தார். அந்த வேகத்திலே இரட்டிப்பாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று அர்ஹீனியஸ் நிம்மதியாயிருந்தார். பிறகு சில நூற்றாண்டுகள் என்று திருத்தினாலும், வெப்பம் வந்தால் நல்லது, பயிர் செழிக்கும் என்றே எழுதினார். குளிர்நாட்டுக்காரரின் ஆசை! வெயிலில் வேகும் நாடுகளை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று: மனித இனங்களைத் தரம் பிரிக்கும் வேலைக்காக உப்சாலாவிலே 1922-ல் அரசாங்கக் கழகம் அமைக்கத் துணை நின்றவர்களில் இவரும் ஒருவர். பெரிய மூளைக்கும் இப்படி ஒரு இருட்டு மூலை! இதை மறைத்து அவரைப் புகழ நமக்கு மனமில்லை.

1927 அக்டோபர் 2-ல் அர்ஹீனியஸ் மறைந்தார். அன்று உலகம் ரசாயன அறிஞருக்கு அஞ்சலி செலுத்தியது. பனியூழிக் கணக்கை நினைத்தவர்கள் சிலரே. 1958-ல் ஹவாய்த் தீவின் மலையொன்றிலே, கீலிங் என்ற அமெரிக்க அறிஞர் கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவையை நடத்திய கலிபோர்னியக் கடலாய்வு நிலையத்திலே, கடலடி மண்ணை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் குஸ்டாப் அர்ஹீனியஸ். கணக்குப் போட்ட ஆண்டிலே பிறந்த அந்த ஓலோபின் மகன்.