கப்பல் கம்பெனிக் குமாஸ்தா



பத்திரிகைக்காரன் என்றால் பெரிய படிப்பு வேண்டும், பணம் வேண்டும், மேலிடத்துச் சிநேகம் வேண்டும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவை ஒன்றுமில்லாத ஒருவர், சரக்குக் கணக்கு எழுதிப் பிழைத்த ஒருவர், ஒரு மன்னனின் பிடியிலிருந்து ஒரு நாட்டையே விடுவிக்கச் செய்தார். பின்னர் உலக யுத்தம் மூண்டபோது, சமாதானம் பேசியதற்காகச் சிறைக்கும் போனார். அவர் பெயர் எட்மண்ட் டீன் மோரல்.

1873-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் பிரெஞ்சுக்காரர்; தாயார் ஆங்கிலேய மாது. நான்கு வயதில் தகப்பனை இழந்தார். பதினைந்தாவது வயதில் படிப்பு நின்று வேலைக்குப் போனார். 1891-ல் லிவர்ப்பூல் துறைமுகத்தில் எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் குடும்பத்துக்குக் காணவில்லை. ஆப்பிரிக்க வியாபாரம் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சமாளித்தார்.

அந்தக் காலத்தில் காங்கோ நாடு யாருடையது தெரியுமா? பெல்ஜியம் என்ற நாட்டினுடையது கூட அல்ல. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபால்டின் சொந்தச் சொத்து! பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கு மேற்பட்ட நிலம். 1885-ல் ஐரோப்பிய வல்லரசுகள் அதற்குச் சம்மதம் தந்தன. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போகிறேன், நாகரிகம் பரப்பப் போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினான். அவன் ஒரு நாளும் அந்த மண்ணை மிதித்ததில்லை.

காங்கோவுக்குப் போகும் கப்பல்கள் மோரலின் கம்பெனியுடையவை. அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் பெல்ஜியத்திலுள்ள ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே நின்று, கப்பல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார். வருகிற கப்பலில் ரப்பரும் யானைத் தந்தமும் மலைமலையாய் வந்தன. போகிற கப்பலில் என்ன போயிற்று? துப்பாக்கி, தோட்டா, சிப்பாய்கள், அதிகாரிகள்.

சந்தைக்குப் போகிற வண்டியை நாம் பார்த்ததில்லையா? நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் உப்பு இருக்கும், புளி இருக்கும், துணி இருக்கும். ஒன்றுமில்லாவிட்டால் வண்டிக்காரன் மடியில் பணமாவது இருக்கும். நெல் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, பதிலுக்குத் தடியும் அரிவாளும்தான் போகின்றன என்றால் அந்த ஊரில் வியாபாரமா நடக்கிறது? இந்தக் கேள்விதான் குமாஸ்தாவின் மனதில் எழுந்தது. கம்பெனி ஏட்டையும் காங்கோ சர்க்கார் வெளியிட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. வந்த சரக்குக்கும் சொன்ன சரக்குக்கும் நடுவில் பெருந்தொகை மறைந்திருந்தது. ரப்பர் எடுப்பவனுக்குக் கூலி என்று ஒன்று போகவே இல்லை. கூலியில்லாமல் ஒருவன் காட்டுக்குள் போய்க் கொடியைக் கீறிப் பால் எடுப்பானேன்? துப்பாக்கி முதுகில் இருந்தால் எடுப்பான்! காங்கோவைக் கண்ணால் காணாமலே, ஏட்டைப் புரட்டியே, ஒரு தேசம் முழுவதும் அடிமைக் கொட்டடியானதைக் கண்டுபிடித்தார் மோரல்.

கம்பெனித் தலைவரிடம் சொன்னார். அந்தத் தலைவர் யார்? லிவர்ப்பூலில் காங்கோ சர்க்காரின் கான்சல்! சம்பள உயர்வோடு வேறிடத்துக்கு மாற்றல் தருவதாகப் பேச்சு வந்தது. வாய்க்குப் பூட்டு என்பது குமாஸ்தாவுக்குப் புரியாதா? 1901-ல், தம் இருபத்தெட்டாவது வயதில், மனைவி மக்களை வைத்துக்கொண்டு வேலையை உதறினார். 1903-ல் ‘வெஸ்ட் ஆப்பிரிக்கன் மெயில்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அவ்வாண்டு மே மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு காங்கோ பற்றித் தீர்மானம் போட்டது. ரோஜர் கேஸ்மெண்ட் என்ற பிரிட்டிஷ் கான்சல் ஆற்றின் மேல் போய் நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். 1904 மார்ச்சில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் பிறந்தது.

அந்தப் பத்திரிகைக்கு நிருபர்கள் யார்? சம்பளம் வாங்கிய நிருபர்கள் அல்ல. பாதிரிமார், சிறு வியாபாரிகள், மனச்சாட்சி உறுத்திய உத்தியோகஸ்தர்கள். பாரிங்கா என்ற இடத்தில் இருந்த ஆலிஸ் ஹாரிஸ் என்ற பாதிரியார் மனைவி 1904-ல் ஒரு படம் எடுத்தார். திண்ணையில் ஒரு தகப்பன் உட்கார்ந்திருக்கிறான். அவன் எதிரே கிடப்பது அவனுடைய ஐந்து வயது மகளின் வெட்டுண்ட கையும் காலும். ரப்பர் அளவு குறைந்ததற்குத் தண்டனை! சிப்பாய் செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காகக் கையை வெட்டிக் கொண்டுபோகும் வழக்கம் அங்கே இருந்தது. அந்தப் படம் ஊர் ஊராகக் கூட்டங்களில் திரையில் காட்டப்பட்டது. மன்னனின் கூலி எழுத்தாளர்கள் மறுப்புமேல் மறுப்பு எழுதினார்கள். படத்துக்கு மறுப்பு எழுத முடியவில்லை.

இன்னொருவரைச் சொல்லாமல் போனால் நியாயமல்ல. இந்தக் கதையைச் சொல்லுகிறவர்களில் பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். ஹெசக்கையா ஆண்ட்ரு ஷானு. இன்று நைஜீரியா எனப்படும் பகுதியில் பிறந்து, காங்கோவின் தலைநகராயிருந்த போமாவில் வியாபாரம் செய்த ஆப்பிரிக்கர். முன்பு அந்தச் சர்க்காரிலேயே உத்தியோகம் பார்த்தவர். கீழ்நிலை அதிகாரிகள் மீது நடந்த வழக்குகளின் தஸ்தாவேஜுகளை மோரலுக்கு இரகசியமாக அனுப்பினார். கொடுமை மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்கு அவை சாட்சி. மேலும் தகவல் தேடியபோது ஒரு போலீஸ் அதிகாரியை நம்பினார், குட்டு வெளிப்பட்டது. அவர் கடையில் சர்க்கார் ஆட்கள் யாரும் சாமான் வாங்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. வியாபாரம் நொடித்தது. 1905 ஜூலையில் ஷானு தற்கொலை செய்துகொண்டார். லிவர்ப்பூலில் இருந்தவர் இழந்தது உத்தியோகம். போமாவில் இருந்தவர் இழந்தது உயிர். உள்ளேயிருந்து எழுதுகிறவனுக்கு விலை எப்போதும் அதிகம். போர் நடக்கும் நாடுகளில் இன்று கைபேசியில் படம் பிடித்து வெளியே அனுப்புகிறவர்களும் ஷானுவின் வரிசையில் நிற்பவர்கள்தாம்.

மன்னனே அமைத்த விசாரணைக் குழுவும் 1905-ல் குற்றங்களை ஒப்புக்கொண்டது. 1908-ல் காங்கோ அவன் கையைவிட்டுப் பெல்ஜிய சர்க்காரிடம் போயிற்று. விடுதலை அல்ல அது. எஜமான் மாறினான், அவ்வளவே. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பல லட்சங்கள் என்பதில் வாதமில்லை. காங்கோவுக்குச் சுதந்திரம் 1960-ல்தான் வந்தது.

1914-ல் உலக யுத்தம் வந்தது. ஏழை பெல்ஜியத்தைக் காக்கவே போர் என்று பிரிட்டிஷ் சர்க்கார் முழங்கிற்று. பெல்ஜிய மன்னனின் கணக்கைப் புரட்டியவரா இதில் மயங்குவார்? இரகசிய ஒப்பந்தங்களே யுத்தத்தைக் கொண்டுவந்தன, மக்களுக்குத் தெரியாமல் வெளிநாட்டுக் கொள்கை நடத்தக் கூடாது என்று வாதாடினார். ராம்சே மாக்டனால்டு முதலியவர்களோடு ஜனநாயகக் கட்டுப்பாட்டுச் சங்கம் கண்டு, அதன் காரியதரிசியானார். காங்கோவுக்காகப் பாராட்டிய பத்திரிகைகளே தேசத் துரோகி என்று தூற்றின. 1917-ல், நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் இருந்த ரொமேன் ரோலந்துக்குப் பிரசுரங்கள் அனுப்பினாரென்று வழக்கு. ஆறு மாதச் சிறை. அடைத்தது லண்டன் பெண்டன்வில் சிறையில். அதற்கு முந்திய ஆண்டு, அயர்லாந்தின் விடுதலைக்காகக் கிளர்ந்த அவருடைய நண்பர் கேஸ்மெண்டைத் தூக்கிலிட்டதும் அதே சிறையில்தான். வெளியே வந்தபோது மோரலின் உடல் நொறுங்கியிருந்தது.

அவருடைய புகழைப் பாடுவோர் மூடி மறைக்கும் பக்கம் ஒன்று உண்டு. 1920-ல், ஜெர்மனியின் ரைன் பிரதேசத்தில் பிரான்சு நிறுத்திய ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி ‘டெய்லி ஹெரால்டு’ ஏட்டில் அவர் எழுதினார். நிறத்தையே குற்றமாக்கி, அந்தச் சிப்பாய்களைக் காமப் பிசாசுகளாகச் சித்தரித்த எழுத்து அது. ஜமைக்காவில் பிறந்த கறுப்பினக் கவிஞர் கிளாட் மக்கே மறுப்பு எழுதினார். அந்த ஏடு அதைப் போடவில்லை. சில்வியா பாங்க்ஹர்ஸ்டின் தொழிலாளர் பத்திரிகைதான் போட்டது. காங்கோவில் ஏட்டைப் பார்த்து, சாட்சியைக் கேட்டு, தேதி போட்டு எழுதிய பேனா, இங்கே வதந்தியை வாங்கி அப்படியே இறக்கி வைத்தது. காங்கோக்காரனின் கைக்காக அழுதவருக்கு, அதே ஆப்பிரிக்கன் துப்பாக்கியோடு ஐரோப்பாவில் நின்றபோது மனிதனாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் நாஜிகளும் இந்தப் பொய்யை எடுத்துக்கொண்டார்கள்.

1922 நவம்பரில் டண்டி தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றார். நமது வங்காளத்துச் சணலை நூற்று வாழ்ந்த ஆலைத் தொழிலாளர் ஊர் அது. அந்தத் தொகுதியின் அன்றைய உறுப்பினர் யார்? வின்ஸ்டன் சர்ச்சில்! இரண்டு இடங்களுக்கு நடந்த போட்டியில் மோரலுக்கு 30,000-க்கு மேல் வாக்குகள் விழுந்தன. யுத்த மந்திரியாயிருந்த சர்ச்சில் நான்காவதாக வந்தார்; யுத்தத்தை எதிர்த்துச் சிறை சென்றவர் பார்லிமெண்டுக்குப் போனார்.

1924-ல் தொழிற்கட்சி முதல் முறையாக ஆட்சி அமைத்தது. வெளிநாட்டு மந்திரி பதவியைப் பிரதமர் மாக்டனால்டு தாமே வைத்துக்கொண்டார். பழைய தோழருக்கு எந்தப் பதவியும் தரவில்லை. அக்டோபர் தேர்தலில் டண்டி மக்கள் மறுபடியும் மோரலைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 12-ந் தேதி, டெவன் பகுதிக் காட்டில் உலாவப் போனவர் களைத்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 51.