எம்-87, எம்-31, எம்-16... யார் இந்த ‘எம்’? தொந்தரவுப் பட்டியல் போட்டுப் புகழ்பெற்ற மெஸ்ஸியரின் கதை

2019 ஏப்ரல் 10. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம், நடுவில் கும்மிருட்டு. மனிதர்கள் முதன்முதலில் படம் பிடித்த கருந்துளை அன்று எல்லோருடைய போனிலும் சுற்றி வந்தது. அந்தக் கருந்துளை இருக்கும் விண்மீன் திரளின் பெயர் எம்-87. ஹப்பிள் தொலைநோக்கி 1995-ல் எடுத்த, இன்றும் பலருக்கு வால்பேப்பராக இருக்கும் ‘படைப்பின் தூண்கள்’ படம்? அது எம்-16. நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய திரளான ஆண்ட்ரோமெடா? எம்-31.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த எம், சார்லஸ் மெஸ்ஸியர் என்ற பிரான்ஸ்காரரின் பெயரில் இருந்து வந்தது. வேடிக்கை என்னன்னா, அவர் தேடியது இவற்றை இல்லை. தன் வேலைக்கு இவை இடைஞ்சல் என்றுதான் பட்டியல் போடவே ஆரம்பித்தார்.

கையெழுத்து வாங்கிக் கொடுத்த வேலை

1730-ல், லொரேன் பகுதியின் பாதோன்வில்லே என்ற சிற்றூரில் பிறந்தார் மெஸ்ஸியர். வீட்டில் 12 பிள்ளைகள், இவர் 10-வது. 11 வயதில் அப்பாவை இழந்தார். 1744-ல் ஆறு வால்களோடு ஒரு வால்நட்சத்திரம் வானத்தில் தோன்றியது. அதைப் பார்த்த சிறுவன் அன்றே விழுந்துவிட்டான்.

21 வயதில் பாரிஸ் போனார். கையில் பெரிய படிப்பு இல்லை. ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும், படமும் வரைவார். அது போதும் என்று கடற்படையின் வானியலாளர் டெலில் அவரை எழுத்தராகச் சேர்த்துக்கொண்டார். க்ளூனி மாளிகையின் உச்சியில்தான் வானாய்வுக் கூடம். இரவெல்லாம் அங்கே வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது மெஸ்ஸியரின் பொறுப்பானது.

ஹாலி வால்நட்சத்திரம் திரும்பி வரும் என்று உலகமே காத்திருந்த காலம் அது. எங்கே தேடணும் என்று டெலில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கே தப்பு. மாதக்கணக்கில் தவறான இடத்தில் தேடி, கடைசியில் 1759 ஜனவரி 21-ல் மெஸ்ஸியர் அதைப் பிடித்தார். அதற்குள் சாக்ஸனியைச் சேர்ந்த பலிட்ஷ் என்ற விவசாயி, கிறிஸ்துமஸ் இரவிலேயே பார்த்துவிட்டார். போதாக்குறைக்கு, செய்தியை வெளியே சொல்லக் கூடாது என்று டெலில் ஏப்ரல் வரை தடுத்து வைத்தார்.

நகராத வால்நட்சத்திரம்

இதற்கு நடுவில்தான் அந்தச் சம்பவம். 1758 ஆகஸ்ட் 28. ரிஷபத்தின் கொம்புக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு பஞ்சுப்பொதி. தூரத்தில் வரும் வால்நட்சத்திரமும் வால் தெரியாமல் இப்படித்தான் இருக்கும். ஆனால் வால்நட்சத்திரம் என்றால் நாளுக்கு நாள் இடம் மாறணும். இது இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி யாரும் இதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்று இடத்தைக் குறித்து வைத்தார். அதுதான் எம்-1. 1054-ல் சீனர்கள் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துப் பதிவு செய்த, வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். நண்டு நெபுலா என்று இன்று நாம் கூப்பிடுவது இதைத்தான்.

பட்டியல் வளர்ந்தது. 1774-ல் 45. நண்பர் பியர் மெஷானின் உதவியோடு 1781-ல் 103. அவர்கள் குறித்து வைத்த மற்றவற்றையும் பின்னாளில் சேர்த்து, இன்று 110. நம்ம ஊரில் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டமும் இதில் இருக்கிறது, எம்-45 ஆக. கருந்துளைக்குப் பெயர்போன எம்-87-ஐ அவர் குறித்தது 1781 மார்ச் 18 இரவு. அவர் பார்த்தது ஒரு மங்கல் புள்ளி, அவ்வளவுதான். அது சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இன்னொரு விண்மீன் திரள் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அடி மேல் அடி

வாழ்க்கை அவருக்குச் சலுகை காட்டவில்லை. 1772-ல் மனைவியும் பிறந்த குழந்தையும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். 1781 நவம்பரில், பூங்கா ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது பனிக்கட்டி சேமிக்கும் ஆழமான குழிக்குள் விழுந்தார். கை, தொடை, விலா எலும்புகள் முறிந்தன. தொலைநோக்கிப் பக்கம் திரும்ப ஓராண்டு ஆனது.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் நின்றன. 1793-ல் இன்னொரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் அவருடைய நண்பர் போஷார் டி சரோன், சிறையில் இருந்தபடி. 1794 ஏப்ரலில் சரோனின் தலை கில்லட்டினில் துண்டிக்கப்பட்டது. மெஸ்ஸியர் வானத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. 1817-ல், 86 வயதில் காலமானார்.

பெயர் எங்கே நின்றது?

வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த வால்நட்சத்திரங்கள் 13 என்பது பொதுவான கணக்கு. பதவி, மரியாதை எல்லாம் அவற்றால்தான் வந்தன. இன்று அவற்றில் ஒன்றின் பெயராவது நமக்குத் தெரியுமா? 1770-ல் அவர் கண்ட ஒன்று, பூமிக்குச் சுமார் 22 லட்சம் கி.மீ. நெருக்கத்தில் கடந்து போனது. அதற்குக்கூட அவர் பெயர் இல்லை. பாதையைக் கணக்கிட்ட லெக்ஸல் பெயர்தான் வைத்தார்கள். வியாழன் கோளின் ஈர்ப்பு அதைத் திசைமாற்றி விட்டதால், பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை.

தேடியவை தொலைந்துபோக, ஒதுக்கி வைத்தவை நிலைத்துவிட்டன. ஒதுக்கியதையும் அரைகுறையாக ஒதுக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடம், தோற்றம், தேதி என்று ஒழுங்காக எழுதி வைத்தாரே, அதனால்தான் பின்னால் வந்தவர்கள் பெரிய தொலைநோக்கிகளை நேராக அங்கே திருப்ப முடிந்தது. அந்த 110-ல் சுமார் 40, நம்முடையதைப் போன்ற தனித்தனி விண்மீன் திரள்கள் என்பது இன்று நமக்குத் தெரியும்.

டிசம்பர், ஜனவரியில் மொட்டை மாடிக்குப் போனால் ஒரு விஷயம் செய்யுங்கள். ஓரியன் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கொஞ்சம் கீழே, நல்ல இருட்டில், லேசாகப் புகை மாதிரி ஒன்று தெரியும். அதுதான் எம்-42. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில், இந்த நிமிடமும் புதிய நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கும் இடம். வால்நட்சத்திரம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மெஸ்ஸியர் ஏற்கெனவே குறித்து வைத்துவிட்டார்!