தட்டலின் காரணம் கண்ட ரிக்கார்டோ

பழைய பந்தயக் கார்களைப் பேணி ஓட்டுவோர், எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மில்லிங் எந்திரத்தில் ஏற்றி அதன் அடிமுகத்தைச் சற்றுச் சீவிவிடுவது வழக்கம். பிஸ்டனுக்கு மேலுள்ள அறை சிறுத்து, பெட்ரோல் கலவை முன்னிலும் இறுக்கமாக அமுக்கப்படும். பிஸ்டன் 500 கன செ.மீ. இடத்தைக் கடந்து செல்ல, மேலறை 125 கன செ.மீ. இருந்தால் அமுக்க விகிதம் 5. அறையை 100 ஆக்கினால் 6. நமது வெப்ப இயக்கவியல் பாடத்தின் ஆட்டோ சுழற்சிச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன், பயனுறுதிறன் 47.5 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. அப்படியானால் சீவிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஓரளவுக்கு மேல் போனால் எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டத் தொடங்கும், பிஸ்டனே பழுதாகும். இந்தத் தட்டலை ஆராய்வதில் பெரும்பங்கு ஆற்றியவர் சர் ஹாரி ரிக்கார்டோ.

1885 ஜனவரி 26 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். தாய்வழிப் பாட்டனார் ரெண்டல், இந்திய ரயில்பாதைகளுக்கு ஆலோசகராயிருந்த பொறியாளர். வறுமையை வென்ற கதையைத்தான் நம் மலர்களில் வழக்கமாக எழுதுவோம். இது அத்தகையதன்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்; பாட்டனாரே பொறியாளர் என்பதைப் படித்தபோது சிறிது பொறாமைகூட உண்டாயிற்று. ஆனால் வசதி பெற்ற எல்லாரும் கையில் எண்ணெய்க் கறை படிய உழைத்துவிடுவதில்லை. கேம்பிரிட்ஜில் படிக்கையில், 1904இல், ஒரு குவார்ட் பெட்ரோலில் அதிக தூரம் செல்லும் போட்டிக்குத் தாமே மோட்டார் சைக்கிள் அமைத்து, ஏறத்தாழ 40 மைல் ஓட்டி வென்றார். பேராசிரியர் ஹாப்கின்சன் அவரை ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டார். அந்த ஆசிரியர் 1918இல் விமான விபத்தில் மாண்டார்.

தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதால் தட்டல் எழுகிறது எனப் பலர் கருதினர். உண்மை வேறு. பொறியிலிருந்து தீ பரவும்போது, எட்டா மூலையில் எஞ்சிய கலவை நசுங்கிச் சூடேறி, தானாகவே ஒரே நொடியில் வெடிக்கிறது. ஆகவே எவ்வளவு சீவலாம் என்பதை இரும்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, எரிபொருளும் தீர்மானிக்கிறது!

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு 150 குதிரைத்திறன் எஞ்சின் வடித்தவர், போர்னியோ பெட்ரோல் பிறவற்றைவிடத் தட்டலைத் தாங்குவதைக் கண்டார். அடர்த்தி மிகுந்ததென்று மட்டமாக எண்ணப்பட்ட சரக்கு அது! அதிலிருந்த டொலுயீன் போன்ற அரோமாட்டிக் சேர்மங்களே காரணம். பிறகு, ஓடும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஆய்வு எஞ்சினை 1919இல் அமைத்து, தட்டல் தொடங்கும் விகிதத்தைக் கொண்டு எரிபொருள்களை ஒவ்வொன்றாக அளந்தார். அளவுகோல் இல்லாத இடத்தில் அளவுகோல் செய்தாரே, அதைத்தான் நான் பெரிதென மதிக்கிறேன். ஆல்கஹால் ஆவியாகும்போது வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சி உள்ளே குளிரூட்டுவதால் உயர்ந்த அமுக்கத்துக்கும் ஈடுகொடுத்தது. பந்தயக்காரர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை.

ஹெட்டின் வடிவத்தையும் அவர் விடவில்லை. பக்கவாட்டு வால்வு எஞ்சினில் அறையை வால்வுகளின் மேல் குவித்து, மறுபுறத்தில் ஹெட்டைப் பிஸ்டனோடு உரசுமளவு தாழ்த்தினார். கலவை அங்கிருந்து பீறிட்டுச் சுழன்று விரைவாக எரிந்தது. ஒதுங்கிய மெல்லிய படலமோ குளிர்ந்த உலோகத்தருகே வெடிக்காமல் அடங்கியது. பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. 1922ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் ஓடிய 3 லிட்டர் வாக்ஸ்ஹால் கார்களின் எஞ்சினும் அவர் வடிவமைத்ததே.

1929இல் ராயல் சங்க உறுப்பினரானார். 1948இல் சர் பட்டம் பெற்றார். 1974 மே 18 அன்று, 89ஆம் வயதில் காலமானார்.