அறுவை மருத்துவப் பேரறிஞர் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி

மார்பகப் புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே குடும்பங்கள் கலங்குகின்றன. கட்டி ஒன்று தோன்றியதை அறிந்தும், நாணத்தாலும் அச்சத்தாலும் அதனை மறைத்து வைத்து, காலம் கடந்தபின் மருத்துவரை நாடும் தாய்மார்கள் இன்றும் உளர். இக்கொடிய பிணியை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் எதிர்கொண்ட மருத்துவ மேதை ஒருவரின் வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

தோற்றமும் சூழலும்

இன்றைய ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதி அந்தலுஸ் என வழங்கிய காலம் அது. தலைநகர் குர்துபாவிற்கு மேற்கே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 ஆம் ஆண்டளவில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் எழில்நகரை எழுப்பத் தொடங்கினார். அந்நகரின் பெயரையே தம் பெயரோடு தாங்கியவர் அபுல்காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. அவர் பிறந்ததும் 936 ஆம் ஆண்டளவிலேயே என்பர். இலத்தீன் உலகம் அவரை அல்புகாசிஸ் என அழைத்தது.

மன்னர்களின் வரலாற்றை எழுதியோர் மருத்துவரின் வரலாற்றை விரித்து எழுதினாரில்லை. எனவே அவரை நாம் அறிவதற்கு அவரது நூலே பெருவழியாக அமைகின்றது. வாழ்நாள் அனுபவத்தைத் திரட்டி, 1000 ஆம் ஆண்டளவில் அவர் நிறைவு செய்த அல்-தஸ்ரீஃப் என்னும் பெருநூல் 30 பகுதிகளைக் கொண்டது. நோய்கள், மருந்துகள், உணவு முறை எனப் பலவற்றையும் கூறிவந்து, இறுதிப் பகுதியை முழுவதும் அறுவை மருத்துவத்திற்கென ஒதுக்கினார். ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களை அதில் வரைந்து காட்டினார். தம் மாணவர்களை மக்களாகவே கருதி, அவ்வாறே விளித்து எழுதிய ஆசிரியர் அவர்.

கத்தி எடுப்பதற்கு முன்

அறுவைக் கலை தம் நாட்டில் அருகி வருவதைக் கண்டு அவர் வருந்தினார். உடற்கூறு அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பது அவர் துணிபு. பெண் ஒருத்தியின் கழுத்துக் கட்டியை அறியாமையால் கீறிய மருத்துவர் ஒருவர், குருதிக் குழாயை அறுத்துவிட, அவள் அவர் கண்முன்னரே மாண்டதை அவர் பதிவு செய்துள்ளார். புற்றுக் கட்டியைக் கீறி, அது புண்ணாகி நோயாளி பெருந்துன்பம் உற்றதையும் கூறுகின்றார். பொருளாசையால் கடினமான அறுவையில் இறங்கலாகாது எனவும், பேராசையை விட எச்சரிக்கையே மேலோங்க வேண்டும் எனவும் அறிவுறுத்துகின்றார்.

மார்பகப் புற்று

புற்று தொடக்க நிலையில் சிறிதாக இருந்து, மார்பகம் போன்று முழுமையாக அகற்றத்தக்க இடத்தில் அமைந்திருந்தால் அறுத்தெடுக்கலாம் என்பது முன்னோர் கொள்கை. அவரும் அதனையே கூறினார். கட்டியைக் கொக்கிகளால் பற்றி, சுற்றியுள்ள தோலோடு நாற்புறமும் அறுத்து, அதன் வேர் சிறிதும் எஞ்சாதவாறு எடுக்க வேண்டும் என முறை வகுத்தார். குருதிக் குழாய் அறுபட்டுக் குருதி பெருகின் சூடுகோலால் சுட்டு நிறுத்தச் சொன்னார். சூடிட்டுச் சிகிச்சை செய்வோர் கட்டியின் நடுவில் ஆழச் சுடுவதை அவர் ஏற்கவில்லை. அவ்வாறு சுட்டவை புண்ணாகியதைத் தாமே கண்டிருந்தமையின், விளிம்பைச் சுற்றிச் சுடுவதே நன்று என்றார்.

ஆனால் கட்டி முதிர்ந்து பெருத்துவிட்டால் அதனை அணுகலாகாது என்றும் விதித்தார். அத்தகைய நோயாளியைத் தாம் குணப்படுத்தியதில்லை என்றும், பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். புகழின் உச்சியில் நின்ற ஒருவர் தம் தோல்வியை நூலில் ஏற்றிய இந்த இடமே அவரது பெருமையின் சிகரம் என்போம். மயக்க மருந்து இல்லாத நாளில், பயனற்ற அறுவையைத் தவிர்ப்பதே நோயாளிக்குச் செய்யத்தக்க பேரருளாக இருந்தது.

பெண்களின் மானத்தையும் அவர் மறந்தாரல்லர். பெண்ணின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுதல் குறித்து எழுதுகையில், தேர்ந்த பெண் மருத்துவரை நாட வேண்டும் என்றும், கிடைக்காவிடின் ஒழுக்கமுள்ள மருத்துவர் மருத்துவச்சியைத் துணைக்கொண்டு செயற்பட வேண்டும் என்றும் வழிகாட்டினார்.

நிலைத்த புகழ்

உள்நாட்டுப் போரில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டுப் பாழ்பட்டது. 1013 ஆம் ஆண்டளவில் அவரும் மறைந்தார். நகரம் மண்ணில் புதைய, நூல் வாழ்ந்தது. 12 ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகர ஜெரார்டு அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். 1497 இல் அது வெனிஸ் நகரில் அச்சேறியது. ஐரோப்பிய அறுவை மருத்துவர் பல தலைமுறைகள் அதனைப் பயின்றனர்.

புற்றுக்குக் கரும்பித்தமே காரணம் என அவர் காலத்தவர் நம்பியது பிழை என்பதை இன்று அறிவோம். மயக்க மருந்தும், கதிர்வீச்சும், மருந்துச் சிகிச்சையும் இன்று நமக்கு வாய்த்துள்ளன. மார்பகம் முழுவதையும் நீக்காமல் கட்டியை மட்டும் அகற்றும் முறையும் பலருக்குப் பொருந்துகின்றது. அறுவைக்குப் பின் கைவீக்கத்திற்கு உடற்பயிற்சியும், வலிக்கு மருந்தும், உள்ளத்திற்கு ஆறுதலும் அளிக்கப்படுகின்றன. முற்றிய நிலையிலும் துயர் தணிக்க வழிகள் உள்ளன. அவர் கைவிட நேர்ந்தவரை இன்று நாம் கைவிட வேண்டியதில்லை. எனினும் தொடக்கத்திலேயே கண்டால் வெல்லலாம் என்னும் அவர் கருத்து இன்றும் பொய்க்கவில்லை.

ஆகவே, அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நாம் அமைந்துவிடலாகாது. நம் இல்லத்துத் தாயும் தமக்கையும் தயக்கமின்றித் தம் நோயை எடுத்துரைக்கும் சூழலை உருவாக்குவதே அப்பேரறிஞருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக் கடனாகும்.