நண்டறிஞர் அல்கொக்

மயிலிட்டிக் கரையிலே நண்டு காணாதார் நம்முள் இலர். அதனை உற்றுநோக்கினாரோ மிகச் சிலர். அந்நோக்கிற்கே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஈந்தவர் அல்பிரட் அல்கொக்.

1859ஆம் ஆண்டு பம்பாயிற் பிறந்த அன்னார், அபடீனில் வைத்தியம் பயின்று, 1885இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார். 1888 முதல் 1892 வரை 'இன்வெஸ்டிகேற்றர்' என்னும் கடலளவைக் கப்பலில் வைத்தியராயும் இயற்கையாய்வாளராயும் கடமையாற்றி, இந்து சமுத்திரத்து ஆழ்கடலுயிர்களை ஆராய்ந்தார். சேற்றுநில நண்டொன்றின் ஆண் தன் ஒற்றைப் பெருங்கொடுக்கைப் போரிடுதற்கு மட்டுமன்றிப் பெண்ணைக் கவர அசைத்துக் காட்டவும் பயன்படுத்துதலை நேரிற் கண்டு, 1892இல் எழுதினார்.

1893இற் கல்கத்தா நூதனசாலையின் பொறுப்பையேற்று, 1895 தொடக்கம் இந்திய நண்டுகளை வகைப்படுத்தி வெளியிட்ட கட்டுரைத்தொடரை இன்றும் ஆய்வாளர் நாடுவர். 1901இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. எனினும், ஆய்வுப்பணிக்கு ஒவ்வாத நிலைமைகளுக்கு இணங்காது, 1906இற் பதவியைத் துறந்தார். அவர்பின் வந்த அனண்டேல் 1916இல் இந்திய விலங்கியல் அளவைத் திணைக்களத்தை நிறுவினார். அல்கொக் இலண்டனில் வெப்பமண்டல வைத்தியம் பயில்வோர்க்கு விலங்கியல் கற்பித்து, 1933இல் மறைந்தார்.

1990இல் மக்களையிழந்து, 2017இல் துறைமுகம் மீளப்பெற்ற மயிலிட்டியின் கரையுயிர்களை ஆராய, நம் மாணவருள்ளும் ஓர் அல்கொக் தோன்றுவாராக.