ஆறு புள்ளிகளில் கணக்கு!

குட்டீஸ்! புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள குடுமியான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பாறையில் இசைக் குறிப்புகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி வெட்டிய எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவிப் படிப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு வரி படிக்கவே எவ்வளவு நேரமாகும்! அதே முறையில் கணக்கும் போடச் சொன்னால்?

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பார்வையற்ற பிள்ளைகள் இப்படித்தான் திண்டாடினார்கள். அதை மாற்றியவர் லூயி பிரெயில்.

இவர் 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி, பிரான்ஸ் நாட்டில் கூப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடியபோது, தோல் துளைக்கும் குத்தூசி லூயியின் கண்ணில் குத்திவிட்டது. புண் அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது.

பத்து வயதில் பாரிசில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புத்தகங்களில் சாதாரண எழுத்துகளே பெரிதாக, மேடாக அச்சிடப்பட்டிருந்தன. தடவித் தடவிப் படிக்கலாம். ஆனால், பிள்ளைகளே அப்படி எழுதுவது மிகவும் கடினம். எழுத முடியாவிட்டால் நீளமான கணக்கை எவ்வளவு நேரம்தான் மனதிலேயே வைத்திருப்பது?

1821-ல் சார்லஸ் பார்பியே என்ற ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து அந்தப் பள்ளிக்கு வந்தது. அதில் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. லூயி விடாமல் முயன்றார். 1824-ல், 15 வயதில், ஆறே புள்ளிகளில் எல்லா எழுத்துகளையும் அடக்கிவிட்டார்! 1829-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். அல்ஜீப்ரா, வடிவியல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். 1838-ல் தொடக்க மாணவர்களுக்காகச் சிறிய கணக்குப் புத்தகம் ஒன்றும் எழுதினார்.

1840-ல் வந்த புதிய தலைவர் புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். மாணவர்கள் விடுவார்களா? ரகசியமாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1844-ல் அந்தப் பள்ளியே அதை ஏற்றுக்கொண்டது. லூயி 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ம் தேதி, காசநோயால் 43 வயதில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் பிரான்ஸ் அதை அதிகாரப்பூர்வ எழுத்தாக்கியது.

பின்ன எண், வர்க்கமூலம் போன்றவற்றையும் எழுத, ஆபிரகாம் நெமத் என்ற பார்வையற்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1952-ல் தனிக் குறியீட்டு முறையை வெளியிட்டார். அதற்கும் அதே ஆறு புள்ளிகள்தான்!

நீங்களும் எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3-வது புள்ளிகள். வலப்பக்கம் 4, 5, 6. தமிழ் பிரெயிலில் முதல் புள்ளி மட்டும் இருந்தால் 'அ'. அதற்கு முன் 3, 4, 5, 6 புள்ளிகள் கொண்ட எண் குறியைப் போட்டால், அந்த 'அ'வே 1 ஆகிவிடும்! எண் குறிக்குப் பிறகு 1, 2 புள்ளிகள் வந்தால் 2. 1, 5 புள்ளிகள் வந்தால் 5.

தடித்த அட்டையில், மை தீர்ந்த பேனாவால் 25 என்று குத்துங்கள். ஒரு விஷயம்: பின்பக்கம் குத்தினால்தான் முன்பக்கம் மேடாகும். அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிக் குத்த வேண்டும். பிறகு அட்டையைத் திருப்பி, கண்ணை மூடித் தடவுங்கள். பிரெயிலில் கணக்குப் போடும் நண்பர் உங்கள் பள்ளியில் இருந்தால், சரியா என்று அவரிடமே கேளுங்கள். அவர்தான் உங்களுக்கு வாத்தியார்!