ஸ்டாப்வாட்ச் டெய்லர்

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் படிக்கிற எல்லாருக்கும் டெய்லரைத் தெரியும். வெட்டும் வேகத்தைக் கூட்டினால் டூலின் ஆயுள் எவ்வளவு குறையும் என்று இரண்டு பக்கமும் லாக் எடுத்துக் கணக்குப் போடுவோமே, அந்தச் சமன்பாட்டுக்காரர். பிறகு மேனேஜ்மென்ட் பேப்பரில் 'அறிவியல் மேலாண்மையின் தந்தை' என்று ஒரு டெய்லர் வருவார், இரண்டு மார்க் கேள்விக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். பையனும் வக்கீலாக வேண்டும் என்பதுதான் திட்டம். ஹார்வர்டு நுழைவுத் தேர்விலும் பாஸ் பண்ணிவிட்டார். ஆனால் கண்பார்வைக் கோளாறால் போகவில்லை. 1874-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சின்ன பம்ப் கம்பெனியில் பேட்டர்ன் செய்யவும் மெஷினில் வேலை பார்க்கவும் அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஹார்வர்டு சீட்டை விட்டுட்டு கிரீஸ் கையோட நிக்கிறார். நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1878-ல் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாக நுழைந்தார். அங்கிருந்து கிளார்க், மெஷினிஸ்ட், கேங் பாஸ், ஃபோர்மேன், கடைசியில் தலைமை இன்ஜினியர். வேலை பார்த்துக்கொண்டே ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் 1883-ல் மெக்கானிக்கல் டிகிரி வாங்கினார், பெரும்பாலும் வீட்டிலேயே படித்து. நடுவில் 1881-ல் அமெரிக்க தேசிய டென்னிஸ் இரட்டையர் பட்டம் வேற! அட்டெண்டன்ஸ் பற்றிப் புலம்புகிற நாம் இதோடு நிறுத்திக்கொள்வோம்.

உண்மையான கதை அவர் லேத் பிரிவுக்கு கேங் பாஸ் ஆனபோதுதான் தொடங்குகிறது. நேற்று வரை கூட நின்று வேலை செய்தவர் என்பதால் உள்ளே நடப்பது அவருக்குத் தெரியும். செய்ய முடிந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது என்று கணக்குப் போட்டார். சோம்பேறித்தனமா? இல்லை. பீஸ் ரேட்டில் ஒருவர் வேகமாகச் செய்து நிறைய சம்பாதித்தால், நிர்வாகம் உடனே ஒரு பீஸுக்கான ரேட்டைக் குறைத்துவிடும். அடுத்த மாதம் அதே கூலிக்கு இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். அதனால் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்தார்கள். அவர்கள் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

இது தெரிந்தும் டெய்லர் சண்டைக்குத்தான் போனார். ரேட்டைக் குறைத்தார், புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார், மெஷின் உடைந்தால் அபராதம் போட்டார். இரண்டு மூன்று வருடம் தினமும் போர். ரயில் பாதை ஓரமாகத் தனியாக வீட்டுக்கு நடந்து போகாதே, உயிருக்கு ஆபத்து என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை, அப்படியேதான் நடந்து போனார். உற்பத்தி கூடியது, ஆனால் கூட வேலை செய்தவர்களின் முகத்தில் தினமும் வெறுப்பைப் பார்க்கிற வாழ்க்கை அவருக்கே கசந்துபோனது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது: ஒரு நாளில் நியாயமாக எவ்வளவு வேலை முடியும் என்பது தொழிலாளிக்கும் சரியாகத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. இருவரும் குத்துமதிப்பை வைத்துக்கொண்டுதான் அடித்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் அளந்துவிடலாமே!

மிட்வேலின் தலைவர் வில்லியம் செல்லர்ஸிடம் உலோகம் வெட்டும் சோதனைக்கு அனுமதி கேட்டார். ஆறு மாதத்தில் முடியும் என்று ஆரம்பித்தது 26 வருடம் ஓடியது. (ஃபைனல் இயர் புராஜெக்ட் இழுத்தடிக்கிறவர்களுக்கு ஆறுதல்.) 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பும் எஃகும் சில்லுகளாகப் போயின. அதில் ஒரு பெரிய பலன் கிடைத்தது. சில்லு பிரிகிற இடத்திலேயே நேராகத் தண்ணீரைக் கொட்டினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம். ஆளை விரட்டவே வேண்டாம், குழாயைத் திருப்பினால் போதும்!

மொத்தம் 12 காரணிகள். உலோகத்தின் கடினம், டூலின் வடிவம், வெட்டு ஆழம், ஃபீடு என்று ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. எந்த மெஷினிஸ்டும் இதை அனுபவத்தால் மட்டும் தீர்க்க முடியாது. அவருடன் வேலை செய்த கார்ல் பார்த் இதற்கென்றே ஒரு ஸ்லைடு ரூல் செய்தார், அரை நிமிடத்துக்குள் விடை வந்துவிடும்.

1898-ல் பெத்லகேம் ஸ்டீலுக்குப் போனார். அங்கே மான்செல் வைட் என்பவரோடு சேர்ந்து, டூல் எஃகை உருகுநிலைக்குக் கிட்டத்தட்ட சூடேற்றிப் பதப்படுத்தினார். அவ்வளவு சூட்டில் எஃகு கெட்டுப்போகும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. கெடவில்லை, அதுதான் ஹை ஸ்பீடு ஸ்டீல். 1900 பாரிஸ் கண்காட்சியில் டூலின் முனை சிவக்கச் சிவக்க லேத் ஓடியதைப் பார்த்து ஐரோப்பிய இன்ஜினியர்கள் வாய் பிளந்தார்கள்.

அதே ஆலையின் முற்றத்தில் ஷவல் பிடிக்கிறவர்களையும் கவனித்தார். ஒரு ஆள் பொடி நிலக்கரி அள்ளும்போது ஷவலில் மூன்றரை பவுண்டு, இரும்புத் தாது அள்ளும்போது அதே ஷவலில் 38 பவுண்டு. எது சரி? அளந்து பார்த்ததில் 21 பவுண்டு அள்ளும்போதுதான் நாள் முடிவில் அதிகம் சேர்ந்தது. தாதுவுக்குச் சின்ன ஷவல், நிலக்கரிக்குப் பெரிய ஷவல் என்று கம்பெனியே கொடுக்க ஆரம்பித்தது. 400 முதல் 600 பேர் செய்த வேலையை 140 பேர் செய்தார்கள். அவர்களுக்குக் கூலி கூடியது உண்மை. மற்றவர்களின் கதி டெய்லரின் கணக்கில் அவ்வளவாக வருவதில்லை.

அவருடைய புகழ்பெற்ற கதை, இரும்புக் கட்டி தூக்குகிறவரின் கதை. ஒரு கட்டி 92 பவுண்டு. ஒரு ஆள் ஒரு நாளில் 12.5 டன் ஏற்றுவார். டெய்லர் 47.5 டன் ஏற்ற வைத்தார். எப்படி? அதிகம் ஓய்வு கொடுத்து! அவ்வளவு கனத்தைத் தூக்குகிறவர் வேலை நேரத்தில் 43 சதவீதம்தான் சுமையோடு இருக்க வேண்டும், மீதி 57 சதவீதம் கை காலியாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கூலியையும் பாருங்கள்: 1.15 டாலர் 1.85 டாலர் ஆனது. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி 60 சதவீதம் கூடுதல். 75 பேர் கூட்டத்தில் எட்டில் ஒருவரால்தான் அது முடிந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, அவர் இந்தக் கதையை நன்றாக மெருகேற்றியே சொல்லியிருக்கிறார் என்றும் காட்டினார்கள்.

1901-ல் பெத்லகேம் நிர்வாகம் அவரை வேலையை விட்டு அனுப்பியது. தொழிலாளர்களோடு மட்டுமல்ல, மேனேஜர்களோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதன்பிறகு சம்பளம் வாங்காமல் தன் முறையைப் பரப்பினார். 1906-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத் தலைவராக, அந்த 26 வருட உழைப்பை வெளியிட்டார். நம் டூல் லைஃப் சமன்பாடு அதிலிருந்துதான் வந்தது. 1911-ல் அறிவியல் மேலாண்மை பற்றிய அவருடைய புத்தகம் வந்தது.

அதே வருடம் ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் அரசு ஆயுத ஆலையில், வார்ப்படத் தொழிலாளி ஒருவர் தன்னை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கக் கூடாது என்று மறுத்தார். வேலை போனது. கூட இருந்த மோல்டர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். ரேட்டை எப்போது குறைப்பார்களோ என்ற பயம் மிட்வேல் லேத்காரர்களுக்கு இருந்த அதே பயம்தான். அதை உள்ளிருந்து பார்த்தவர் டெய்லர். 92 பவுண்டுக்கு எவ்வளவு ஓய்வு என்று அளந்தவருக்கு, அளக்கலாமா என்று அந்த ஆளிடமே கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

விவகாரம் நாடாளுமன்றக் குழுவுக்குப் போனது. 1912 ஜனவரியில் டெய்லர் நான்கு நாள் அதன் முன் உட்கார்ந்து பதில் சொன்னார். முதலாளியும் தொழிலாளியும் மனம் மாறாமல் வெறும் ஸ்டாப்வாட்ச் எதையும் சாதிக்காது என்பதே அவர் வாதம். குழுவில் இருந்தவர்கள் விடாமல் குடைந்தார்கள், அவரும் கோபப்பட்டார்.

1915 மார்ச் 21, 59-வது பிறந்தநாளுக்கு மறுநாள், நிமோனியாவில் இறந்தார். அதே மாதத்தில்தான் ராணுவச் செலவுச் சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது: இந்தப் பணத்தில் யாரும் தொழிலாளியின் வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கக் கூடாது. அந்தத் தடை 1949 வரை நீடித்தது.